டிக்கெட் இரண்டு, பயணம் ஒன்று: அம்மாவின் பெட்டி மெல்போர்ன் போய்ச் சேருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. மெல்போர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்கு முதல் தடவையாகத் தனியாகப் போகிறார். எங்கள் ஏஜென்ட் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர்ஏசியாவிலும், அங்கிருந்து மெல்போர்னுக்கு மலேசியா ஏர்லைன்ஸிலும் போக வர டிக்கெட் போட்டிருக்கிறார். போகும்போது கோலாலம்பூரில் மூன்றே கால் மணி நேர இடைவெளி. ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட 9,000 ரூபாய் குறைவாம். “பெட்டி நேரா போயிடும், வீல்சேர் சொல்லியாச்சு, கவலையே வேண்டாம்” என்கிறார். ஆனால் பிஎன்ஆர் இரண்டு இருக்கிறது. பயப்பட வேண்டுமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: பெட்டி நேராகப் போகாது. கோலாலம்பூரோடு நின்றுவிடும். அங்கே அம்மாவே அதை எடுத்துக்கொண்டு, வேறு டெர்மினலுக்குப் போய், புதிதாக செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டு நிறுவனங்களில் எதுவும் அம்மாவை வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பக் கடமைப்பட்டதல்ல. ஆகவே, ஆமாம், கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும்.

ஆனால் நீங்கள் பயப்படும் காரணம் சரியல்ல. பிஎன்ஆர் இரண்டு இருப்பதாலேயே டிக்கெட் இரண்டு என்று ஆகிவிடாது. ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து பறக்கும்போது ஒவ்வொன்றும் தன் கணினியில் தனக்கென்று ஒரு பிஎன்ஆர் வைத்துக்கொள்வது சாதாரணம். பார்க்க வேண்டியது டிக்கெட் எண்ணை. அது 13 இலக்கம். முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தின் குறியீடு: மலேசியா ஏர்லைன்ஸுக்கு 232, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603. திருச்சியிலிருந்து மெல்போர்ன் வரை ஒரே 13 இலக்க எண்ணின் கீழ் வந்தால் அது ஒரே டிக்கெட். பட்ஜெட் நிறுவனங்கள் பலவற்றில் இந்த எண்ணே இருக்காது, புக்கிங் எண் மட்டும்தான். உங்கள் விஷயத்தில் ஒன்றில் புக்கிங் எண்ணும் மற்றொன்றில் 232-இல் தொடங்கும் எண்ணும் இருக்கும். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தஞ்சாவூர் பஸ் தாமதமாக வந்தது என்பதற்காகத் திருச்சியில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் காத்திருக்குமா? அதே கதைதான்.

ஒரே டிக்கெட் என்றால் என்ன வித்தியாசம்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்றை வகுத்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைவான இடைவெளியில் நிறுவனத்தின் கணினி டிக்கெட்டே தராது. அதையும் மீறித் தவறினால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பாடு. இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டவைக்கும்போது அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு யாரும் இல்லை. ஏஜென்ட் பார்த்திருப்பார் என்று நினைக்கிறீர்கள். அவர் விலையைப் பார்த்திருக்கிறார்.

மூன்றே கால் மணி நேரம் என்பது கேட்க தாராளமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு செக்-இன் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மீதி இரண்டே கால் மணி. ஏர்ஏசியா வந்து இறங்குவது டெர்மினல் 2-இல். 2014-இல் திறந்த பெரிய டெர்மினல். விமானம் நிற்கும் இடத்தைப் பொறுத்து, ஸ்கைபிரிட்ஜ் என்ற நீண்ட உயரப் பாலத்தைக் கடந்து வர வேண்டியிருக்கும். கீழே விமானங்கள் ஊர்ந்து போவதை மேலிருந்து பார்க்கலாம். என்னைப் போன்ற விமானப் பைத்தியங்களுக்கு அது சொர்க்கம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அல்ல. அப்புறம் இமிக்ரேஷன் வரிசை. அப்புறம் பெல்ட்டில் பெட்டி வரும்வரை காத்திருப்பு. அப்புறம் சுங்கம். மலேசியா ஏர்லைன்ஸ் இருப்பது டெர்மினல் 1-இல். நடந்து போக முடியாது. ரயிலில் மூன்று நிமிடம்தான், ஆனால் ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்து, டிக்கெட் எடுத்து, இரண்டு பெட்டியோடு ஏறி இறங்க வேண்டும். பழகிய இளைஞர் என்றால் முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தால் சமாளித்துவிடுவார். தனியாக முதல் முறை போகும் 66 வயது அம்மாவுக்கு, முதல் விமானம் முக்கால் மணி தாமதமானாலே கதை முடிந்தது.

இமிக்ரேஷனைக் கடப்பது என்றால் மலேசியாவுக்குள் நுழைவது. இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை நடக்கிறது. 2026 முடிவு வரை நீட்டித்திருக்கிறார்கள். சலுகைதானே, பயணத் தேதியில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விசா வேண்டாம் என்றாலும் மலேசியாவின் டிஜிட்டல் வருகைப் படிவத்தைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். ஒரே டிக்கெட்டில் உள்ளேயே விமானம் மாறுபவருக்கு இது தேவையில்லை. உங்கள் அம்மாவுக்குத் தேவை. ஏஜென்ட் இதைச் சொன்னாரா?

வீல்சேரும் அப்படித்தான். ஏர்ஏசியாவில் பதிந்த வீல்சேர் டெர்மினல் 2-இன் வருகைப் பகுதி வரைக்கும். அதற்கு அப்பால் அம்மா அவர்களுடைய பயணி அல்ல. மலேசியா ஏர்லைன்ஸில் தனியாகப் பதிந்திருந்தால் அது டெர்மினல் 1 கவுன்டரிலிருந்துதான் தொடங்கும். நடுவில் இருக்கும் அந்த ரயிலுக்கு யார் தள்ளிக்கொண்டு போவது? “வீல்சேர் சொல்லியாச்சு” என்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பெட்டி எடையையும் பாருங்கள். இரண்டு நிறுவனத்துக்கும் கணக்கு வேறு. ஏர்ஏசியாவில் வாங்காத கிலோவுக்குக் கவுன்டரில் வசூலிப்பார்கள், அது உங்கள் 9,000 ரூபாயில் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிடும்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் இதைக் காட்டித்தான் எல்லாரையும் நம்பவைக்கிறார்கள். ஏர்ஏசியாவில் ஃபிளை-த்ரூ என்று ஒரு ஏற்பாடு உண்டு. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து அதே குழுமத்தின் ஏர்ஏசியா எக்ஸில் மெல்போர்ன் என்று ஒரே புக்கிங்காக எடுத்தால், பெட்டி நேராகப் போகும், மலேசிய இமிக்ரேஷனுக்கு வெளியே வர வேண்டாம், டெர்மினல் மாற வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் “நான் ஏர்ஏசியாவில்தான் போனேன், பெட்டி மெல்போர்னில்தான் வந்தது” என்றால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று விஷயம். ஒன்று, இரண்டு விமானமும் அந்தக் குழுமத்துடையதாக இருக்க வேண்டும். உங்களுடையதில் இரண்டாவது வேறு நிறுவனம். இரண்டு, இரண்டும் அதே குழுமமாக இருந்தாலும் ஒரே புக்கிங்கில் இருக்க வேண்டும். முதல் துண்டை ஒரு சலுகை நாளிலும் அடுத்ததை இன்னொரு சலுகை நாளிலும் வாங்கினால் அது ஃபிளை-த்ரூ இல்லை. ஒரே நிறுவனம், ஒரே டெர்மினல், ஒரே சிவப்பு விமானம், இருந்தும் இல்லை! மூன்று, வாங்கும்போதே திருச்சி–மெல்போர்ன் என்று தேடி அந்த இணைப்பு வந்தால்தான் உண்டு. பிறகு யாராலும் ஒட்டவைக்க முடியாது. இந்த இரண்டாவதில்தான் நிறைய குடும்பங்கள் மாட்டுகின்றன.

ஏஜென்ட்டுகளைப் பற்றி. எல்லாரும் மோசமில்லை, அலைச்சல் பார்க்காமல் நள்ளிரவில் போன் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கொடுக்கும் அந்த ஒற்றைத் தாளை நம்பாதீர்கள். மேலே அவர்களுடைய லோகோ, கீழே இரண்டு விமானத்தையும் சேர்த்து ஒரே பயணம் போல அச்சடித்திருக்கும். “ரெஃபரன்ஸ்” என்று போட்டிருப்பது பல நேரம் அவர்களுடைய சொந்த எண். அதை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் ஒன்றும் வராது. இதைவிடப் பெரிய ஆபத்து, புக்கிங்கில் அவர்கள் தங்கள் மெயிலையும் தங்கள் மொபைல் எண்ணையும் கொடுத்திருப்பது. விமான நேரம் மாறினால் செய்தி அவர்களுக்குத்தான் போகும். முதல் விமானத்தை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தால், உங்கள் மூன்றே கால் மணி அங்கேயே கரைந்துவிட்டது. அது அவருடைய மெயிலில் படிக்கப்படாமல் கிடக்கும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. மலேசியா ஏர்லைன்ஸ் டிக்கெட் போக வர இரண்டுக்கும் சேர்த்து என்கிறீர்கள். போகும்போது அந்த விமானத்தைத் தவறவிட்டால் அம்மா “வராதவர்” ஆகிவிடுவார், கணினி திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடும். மெல்போர்னுக்கு எப்படியோ வேறு விமானத்தில் போய்ச் சேர்ந்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கிளம்பும்போதுதான் டிக்கெட் இல்லை என்பது தெரியும். தவறவிட்டால் அந்த நிமிடமே, விமானம் கிளம்புவதற்கு முன்பே முடிந்தால் நல்லது, நிறுவனத்திடம் பேசித் திரும்பும் பயணத்தைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும். பயணக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். தனித்தனி டிக்கெட்டில் தவறிய இணைப்புக்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு. அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

இந்தத் தையல் வேலையெல்லாம் ஏன் தேவைப்படுகிறது என்று யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது. திருச்சியில் 2024-இல் பளபளவென்று புது முனையம் திறந்தார்கள். ஆனால் எந்த நாட்டு விமானம் எந்த ஊருக்கு வரலாம் என்பது கட்டடத்தைப் பொறுத்ததல்ல, இரு நாட்டு ஒப்பந்தத்தில் ஊரின் பெயர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைச் சேர்ந்த விமானங்களுக்கு இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களின் பட்டியலில் திருச்சி இருக்கிறது. அதனால்தான் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நமக்கு இவ்வளவு பக்கம். எமிரேட்ஸைப் பாருங்கள், தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டும்தான் வருகிறது. இந்தப் பட்டியல்களை டெல்லியில் தூசு தட்டிப் பார்ப்பதற்குள் இன்னொரு முனையம் கட்டி முடித்துவிடுவார்கள். பயணிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளும் இந்த லட்சணம்தான். ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, பயணம் செய்யாத டிக்கெட்டின் வரிகளைத் தந்தே ஆக வேண்டும் என்றெல்லாம் இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. அதே விதிகளிலேயே வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி திருப்பித் தரலாம் என்று கதவைத் திறந்துவிடுகிறது. உங்கள் டிக்கெட் இரண்டும் வெளிநாட்டு நிறுவனத்துடையவை.

சரி, இப்போது என்ன செய்வது? இரண்டையும் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று ஏஜென்ட்டிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நிறுவனம் பிடிப்பது எவ்வளவு, அவர் பிடிப்பது எவ்வளவு என்று தனித்தனியாக. இழப்பு தாங்கக்கூடியதாக இருந்தால் ரத்து செய்துவிட்டு ஒரே டிக்கெட்டுக்கு மாறுங்கள். திருச்சியிலிருந்து மெல்போர்னுக்கு ஸ்கூட் என்ற சிங்கப்பூர் பட்ஜெட் நிறுவனத்தில் சிங்கப்பூர் வழி, ஏர்ஏசியா ஃபிளை-த்ரூ, ஸ்ரீலங்கனில் கொழும்பு வழி என்று மூன்று உண்டு. என் அம்மாவாக இருந்தால் கொழும்பு வழிதான் அனுப்புவேன். முதல் விமானம் ஒரு மணி நேரம் போலத்தான், சாப்பாடும் பெட்டியும் டிக்கெட்டிலேயே அடக்கம், கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் பலகைகள் தமிழிலும் இருக்கும். காத்திருப்பு நீளமாக இருக்கலாம். வயதானவர்கள் ஓடுவதைவிட உட்கார்ந்திருப்பதையே விரும்புவார்கள்.

ரத்து செய்ய முடியாது என்றால், கோலாலம்பூர்–மெல்போர்ன் விமானத்தை அன்று இரவுக்கு மாற்றக் கேளுங்கள். கட்டண வித்தியாசம் கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள். டெர்மினலை ஒட்டியே ஓட்டல்கள் உண்டு, பகலில் ஓய்வெடுக்கலாம். திரும்பி வரும்போதும் அதே தையல்தான் இருக்கும், அந்த இடைவெளியையும் பாருங்கள். இரண்டு நிறுவனத்திலும் வீல்சேரைத் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள், டெர்மினல் மாறுவதற்குத் தெரிந்தவர் யாராவது வந்து நின்றால் உத்தமம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் இரண்டு டிக்கெட்டிலும் பெயரை ஒரே மாதிரி போட்டிருக்கிறார்களா என்று சரிபாருங்கள். நம் ஊர்ப் பெயர்களை ஏஜென்ட்டுகள் ஆளுக்கொரு விதமாக உடைப்பார்கள்.

எது எப்படி முடிவானாலும் இரண்டு புக்கிங்கிலும் உங்கள் மெயிலையும் தங்கையின் ஆஸ்திரேலிய எண்ணையும் இன்றே ஏற்றச் சொல்லுங்கள். கிளம்பும் நாள் திருச்சி கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் டேக்கில் கடைசி மூன்றெழுத்து எம்இஎல் (MEL, மெல்போர்ன்) என்று இருக்கிறதா, கேயுஎல் (KUL, கோலாலம்பூர்) என்று இருக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். கேயுஎல் என்றால் பெட்டியைக் கோலாலம்பூரில் எடுத்தே ஆக வேண்டும், ஏஜென்ட் என்ன சொல்லியிருந்தாலும்.