கேட்காததையும் கொடுத்தவர்கள்

அன்புள்ள ஐயா,
இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சில் அமைந்த விஷி அரசைத் துரோக அரசு என்று எழுதியிருந்தீர்கள். 1940இல் பிரான்ஸ் தோற்றுப்போன பிறகு அந்த அரசின் தலைவர் பெத்தானும் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த லவாலும் வேறு என்ன செய்திருக்க முடியும்? மக்களைக் காப்பாற்றத்தானே ஹிட்லரோடு ஒத்துப்போனார்கள்? பிரான்சில் இருந்த யூதர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்களே. துரோகி என்பது ஜெயித்தவர்கள் சூட்டிய பெயர் இல்லையா?
ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,
தோற்ற நாடு போர்நிறுத்தம் கேட்டதை நான் துரோகம் என்று சொல்லமாட்டேன். அப்புறம் நடந்ததுதான் துரோகம். யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கிய 1940 அக்டோபர் சட்டத்தை ஜெர்மானியர் கேட்கவில்லை. விஷி தானாகவே இயற்றியது.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது பிரெஞ்சுப் போலீஸ். ஜெர்மானியரோடு பேசி இதற்கு ஒப்புக்கொண்டவர் போலீஸ் தலைமைப் பொறுப்பில் இருந்த ரெனே பூஸ்கே. அப்போது 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை பெர்லின் கேட்டிருக்கவில்லை. விஷியின் கையில் இருந்த தெற்கிலிருந்து அனுப்பும் குடும்பங்களோடு குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று லவாலே முன்வந்து சொன்னார். ஜெர்மன் படை பிடித்திருந்த வடக்கில் இருந்த குழந்தைகளைப் பற்றித் தனக்கு அக்கறையில்லை என்றார். பாரிஸில் யூதர்களை நாடுகடத்தும் பொறுப்பில் இருந்த ஜெர்மன் அதிகாரி டான்னெக்கர் பெர்லினுக்கு அனுப்பிய தந்தியில் இது இருக்கிறது. பாரிஸில் பிடிபட்டவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பிதிவியே, போன்-லா-ரோலாந்த் முகாம்களில் தாயிடமிருந்து பிரித்து, பாரிஸ் அருகே இருந்த ட்ரான்சி முகாம் வழியாக ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். யாரைக் காப்பாற்றுவதற்காக, சொல்லுங்கள்?

வேறு வழி இருந்தது. அதே வாரம் நான்சி நகரத்தில், வெளிநாட்டவர் பிரிவுப் போலீஸ் அதிகாரி எட்வார் வினியெரோனும் அவருடைய சகாக்களும் பட்டியலில் இருந்த யூதர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லித் தப்பவைத்தார்கள். 300 பேருக்கு மேல் பிழைத்தார்கள். நீங்கள் சொல்லும் அந்த முக்கால்வாசிப் பேரில் எத்தனையோ பேரைக் காத்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான்: ஒளித்துவைத்த விவசாயிகள், பொய்யான அடையாள அட்டை செய்தவர்கள், தேவாலயங்களில் கண்டனக் கடிதம் வாசிக்கச் செய்த துலூஸ் பேராயர் சலியேஜ். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை விஷியின் கணக்கில் வரவுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

1945இல் லவாலுக்கு நடந்த விசாரணை முறையானதல்ல. ஜூரிகளே அவரைத் திட்டினார்கள். அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சரி. ஆனால் பூஸ்கேயைப் பாருங்கள். 1949இல் ஐந்தாண்டு குடிமை உரிமைப் பறிப்பு விதித்து, ஜெர்மானியரை எதிர்த்த ரகசிய இயக்கத்துக்கு உதவினார் என்று உடனேயே ரத்து செய்தார்கள். வங்கித் துறையில் பெரிய பதவிகளில் இருந்தார். மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்காக மறுபடி வழக்கு வந்தது 1991இல். 1993 ஜூனில், விசாரணை தொடங்கும் முன்பே, ஒருவன் வீடு தேடிப் போய் அவரைச் சுட்டுக் கொன்றான். அந்த விசாரணை நடந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தைகளுக்காக அவர் கூண்டில் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.