ஏப்ரலிலேயே அக்டோபரைத் தேடும் கணவர்

கேள்வி: நாங்கள் சியாட்டிலை ஒட்டியிருக்கும் பெல்வியூவில் 14 வருஷமாக இருக்கிறோம். என் கணவருக்கு சியாட்டில் மாரினர்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். போன தீபாவளிக்கு அம்மா அனுப்பிய புதுச் சட்டையைத் தொடவே இல்லை. மாரினர்ஸ் ஜெர்சியைத்தான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சரி, அதற்காவது மஞ்சள் வையுங்கள் என்று காலரில் நானே தடவிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அணி தோற்றது. ‘உன் மஞ்சள்தான் கவிழ்த்தது’ என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். இப்போது புது சீசன் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இரண்டு மேட்ச் ஜெயித்தால், ‘இந்த வருஷம் உலகத் தொடர்தான், அக்டோபரில் வீட்டைவிட்டு நகர முடியாது’ என்கிறார். (அதுதான் சாம்பியனை முடிவு செய்யும் கடைசித் தொடராம்.) இரண்டு தோற்றால், ‘முடிஞ்சு போச்சு, ஊருக்கு டிக்கெட் போடு’ என்கிறார். திருநெல்வேலியில் இருந்து அம்மாவும் அப்பாவும் இந்தத் தீபாவளிக்காவது வருவீர்களா என்று வாராவாரம் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது? இந்த அணி தேறுமா, தேறாதா?

— பெயர் வேண்டாத வாசகி, பெல்வியூ, வாஷிங்டன்

பதில்: முதலில் மஞ்சள் பஞ்சாயத்தைத் தீர்த்துவிடுவோம், சகோதரி.

2025 அக்டோபர் 20. டொரான்டோவில் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஜெயிப்பவர் உலகத் தொடருக்குப் போவார். கால் ராலி என்பவரின் ஹோம் ரன்னோடு (நம் ஊர் சிக்சர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) உங்கள் வீட்டுக்காரரின் அணி 3–1 என்று முன்னால் நிற்கிறது. ஏழாவது இன்னிங்ஸில் டொரான்டோ ஆட்கள் இரண்டு பேர் பேஸில் நிற்க, ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடது பக்க வேலியைத் தாண்டி விழுந்தது. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ரன், டொரான்டோ 4–3. அதற்குப் பிறகு ஸ்கோர் மாறவில்லை. அந்தப் பந்து பறந்தபோது மாரினர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது இன்னும் 8 அவுட். நெருக்கடிக்கென்றே வைத்திருக்கும் ஆந்த்ரேஸ் முன்யோஸை அந்த நேரத்தில் ஏன் பந்து வீச இறக்கவில்லை என்று சியாட்டில்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மஞ்சள் மேல் குற்றம் சொன்னவர் எனக்குத் தெரிந்து உங்கள் கணவர் ஒருவர்தான்.

அவரைக் கிண்டல் செய்வதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாரினர்ஸ் அணி 1977-ல் ஆட வந்தது. மேஜர் லீக்கில் இருக்கும் 30 அணிகளில் உலகத் தொடரில் ஒரு தடவைகூடக் கால் வைக்காத அணி அது ஒன்றுதான். 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்தும் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு பிளே ஆஃப் பக்கம் எட்டிப் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை பட்டவர் இரண்டு தோல்விக்கே ‘முடிஞ்சு போச்சு’ என்பது கிறுக்குத்தனம் இல்லை. அடி விழுவதற்கு முன்பே கன்னத்தைத் தடவிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் அவருடைய கணக்கு தப்பு. நம் ஆட்களுக்கு ஐ.பி.எல். கணக்கு கைவந்த கலை என்பதால் அதிலேயே சொல்கிறேன். அங்கே லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 மேட்ச். பேஸ்பாலில் 162. ஐ.பி.எல்-லில் ஒரு மேட்ச் தோற்பதும் இங்கே பதினொன்று, பன்னிரண்டு மேட்ச் தோற்பதும் ஒன்று. இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டு ‘முடிஞ்சு போச்சு’ என்பது, சி.எஸ்.கே. மூன்றாவது ஓவரில் ஒரு விக்கெட் விட்டதும் எழுந்து போய் டிவியை அணைப்பது மாதிரி. (அப்படி அணைப்பவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறொரு இதழில் பதில் எழுதிக்கொள்ளலாம்.) 116 ஜெயித்த அந்த 2001 அணியே 46 இரவு தோற்றுவிட்டுத்தான் தூங்கப் போனது.

அவர் மறக்க நினைக்கும் ஒரு வருஷத்தை நீங்களே நினைவுபடுத்துங்கள்: 2019. டோக்கியோவில் ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோ விடைபெற்ற இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்து ஆரம்பித்தார்கள். முதல் 15 ஆட்டத்தில் 13 வெற்றி. மேஜர் லீக்கிலேயே அதுதான் முதலிடம். அந்த ஏப்ரலில் உங்கள் வீட்டில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. சீசன் முடிந்தபோது 68 வெற்றி, 94 தோல்வி, பிரிவில் கடைசி இடம். அதே வருஷம் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 31-ஐத் தோற்றது. மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரைத் துரத்து என்று கூச்சல் போட்டார்கள். அந்த அணிதான் அக்டோபர் கடைசியில் உலகத் தொடரைத் தூக்கியது. இரண்டு அணிகளின் இந்தத் தொடக்கத்தை மட்டும் ஒரு ஆளிடம் காட்டி, இதில் சாம்பியன் யார் என்று கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

ஏப்ரல்தான் என்று இல்லை, ஜூனும் கழுத்தறுக்கும். 2024 ஜூன் நடுவில் மாரினர்ஸ் தன் பிரிவில் 10 ஆட்டம் முன்னால் இருந்தது. ஆகஸ்டில் மேனேஜரே மாறினார். பிளே ஆஃபுக்கு ஒரே ஒரு வெற்றி குறைந்தது.

ஏப்ரல் ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். மகள் ரென்டனில் இருந்தபோது ஒரு ஏப்ரல் இரவு மாரினர்ஸின் மைதானமான டி-மொபைல் பார்க்குக்கு அழைத்துப் போனாள். அந்த மைதானத்துக் கூரை நகர்ந்து வந்து மழையை மறைக்குமே தவிர, சுற்றிலும் அடைக்காது. ஒரு பெரிய குடைதான். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் ஊதுகிற சத்தமும் கடல் குளிரும் ஒன்றாக உள்ளே வருகின்றன. மடியில் கம்பளி, கையில் அங்கே பேர்போன வறுத்த வெட்டுக்கிளி, மேலே எலுமிச்சையும் மிளகாயும் தூவியது. (நன்றாகத்தான் இருந்தது. நெத்திலிக் கருவாட்டுக்குச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம்.) நான்காவது இன்னிங்ஸோ ஐந்தாவதோ, மாரினர்ஸ் ஆள் ஒருவர் அடித்த சத்தத்திலேயே மைதானம் முழுக்க எழுந்துவிட்டது. நானும் எழுந்தேன். பந்து போய்க்கொண்டே இருந்து, என்ன நினைத்ததோ, வேலிக்கு ஆறடி முன்னால் மனசு மாறி இறங்கியது. எதிரணிக்காரர் ஓடக்கூட இல்லை. நின்ற இடத்தில் கையுறையை நீட்டி வாங்கிக்கொண்டார். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், பந்து அதில் தூரம் போகாது. அதே அடி ஆகஸ்டில் ஹோம் ரன். ஏப்ரல் கணக்கேட்டில் அது ஒரு அவுட், அந்த ஆளின் ஆவரேஜில் ஒரு சறுக்கல், உங்கள் வீட்டில் ஒரு ‘முடிஞ்சு போச்சு’.

அப்படியானால் இப்போது எதைத்தான் பார்ப்பது? பேட்டரின் ஆவரேஜைப் பார்க்க வேண்டாம். அது ஒரு நிலைக்கு வர மாதக்கணக்காகும். பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின் வேகத்தைப் பாருங்கள். போன வருஷம் 96 மைலில் வீசியவர் இப்போது 93-ல் வீசினால் அது குளிராலும் இருக்கலாம், தோள்பட்டையாலும் இருக்கலாம். இரண்டு மூன்று ஆட்டத்தில் ஏறாவிட்டால் கவலைப்படலாம். யார் காயப்பட்டோர் பட்டியலில் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், ஜெயித்தது எத்தனை என்பதைவிட, அடித்த ரன் எத்தனை, விட்ட ரன் எத்தனை என்பது பெரிய கணக்கு. ஒரே ரன்னில் தோற்ற ஆட்டங்களில் பாதி அதிர்ஷ்டம். இவ்வளவுதான். இதற்கு மேல் ஏப்ரலைப் பிழிந்தால் சாறு வராது, சக்கைதான்.

தேறுமா என்று கேட்டீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அட்டவணை நாலு தடவை புரண்டிருக்கும் என்பதால் இன்றைய இடத்தை வைத்துப் பேசவில்லை. ராலி போன வருஷம் 60 ஹோம் ரன் அடித்தார். அவர் கேட்சர், பேட்டருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர். கேட்சர் ஒருவர் அதற்கு முன் அடித்த அதிகபட்சமே 48-தான். அது மறுபடி நடக்கும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம். 40 அடித்தாலே பெரிய விஷயம். போன வருஷ பிளே ஆஃபில் டெட்ராய்டுக்கு எதிரான 15 இன்னிங்ஸ் ஆட்டத்தை முடித்து வைத்த பொலான்கோ நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். ஜாஷ் நெய்லரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், அது நல்ல வேலை. கில்பர்ட், கிர்பி, வூ என்று பிட்சர் வரிசை பிழைத்துக் கிடந்தால் பிளே ஆஃபுக்குப் போகும் அணி இது. அமெரிக்கன் லீக்குக்கு ஆறு இடம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வரும் குட்டித் தொடர்கள் தாயக்கட்டை உருட்டுவது மாதிரி. அதில் நல்ல அணி கெட்ட அணி என்று சத்தியம் செய்ய என்னால் ஆகாது.

இப்போது உங்கள் அசல் கேள்வி. அதற்கு பேஸ்பாலே தேவையில்லை, நாள்காட்டி போதும். போன வருஷம் தீபாவளியும் அந்த ஏழாவது ஆட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தது உங்கள் கெட்ட நேரம். இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. உலகத் தொடர் வழக்கமாக அக்டோபர் கடைசியில் முடியும். போன வருஷம் ஏழு ஆட்டம் இழுத்தும் நவம்பர் 1-ல் முடிந்துவிட்டது. நவம்பர் 4, புதன்கிழமை சியாட்டிலில் விமானம் ஏறினால் வெள்ளிக்கிழமை சென்னை. அக்டோபர் முழுக்க அவருக்கு, தீபாவளி உங்கள் அம்மாவுக்கு. டிக்கெட்டை இந்த வாரமே போடுங்கள், அவர் ஜெயித்த முகத்தோடு இருந்தாலும் சரி, தோற்ற முகத்தோடு இருந்தாலும் சரி. ஒருவேளை கோப்பையே வந்து ஊர்வலம் வைத்தால் என்ன செய்வது என்று கேட்பார். தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டாக எடுத்துக்கொடுத்து வாயை அடையுங்கள்.

அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். தீபாவளி சமயத்தில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் கிடைப்பதற்குப் பக்கத்தில் உலகத் தொடர் டிக்கெட்டெல்லாம் ஒன்றுமே இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால், செப்டம்பர் முதல் பத்து நாளுக்குள், காலை 8 மணிக்குத் திறக்கும். சில நிமிஷத்தில் வெயிட்டிங் லிஸ்ட் ஆகிவிடும். இந்தியாவில் காலை 8 என்றால் பெல்வியூவில் முந்தின நாள் இரவு ஏழரை. மாரினர்ஸ் உள்ளூரில் ஆடினால் சரியாக இரண்டாவது, மூன்றாவது இன்னிங்ஸ். லேப்டாப்பை அவர் மடியில் வைத்துவிடுங்கள். இன்னிங்ஸ் மாறும் இடைவெளி இரண்டு நிமிஷம் இருக்கும், அது போதும்.