அடுக்கும் லாகும் கலந்தால்: மாம்பலம் டியூஷன் மாஸ்டர் பதில்கள்

மேற்கு மாம்பலத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அடுக்கும் லாகும் (மடக்கை) வரும் கோவைகளைக் காரணிப்படுத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை.

பிளஸ் ஒன் மாணவி, ஆவடி: சார், 4-இன் எக்ஸ் அடுக்கில் இருந்து 2-இன் எக்ஸ் அடுக்கை 5 மடங்கு கழித்து, 6 கூட்டினால் பூஜ்ஜியம். எங்கே ஆரம்பிப்பது?

4 என்பது 2-இன் வர்க்கம்தானேம்மா. 2-இன் எக்ஸ் அடுக்குக்கு 'அ' என்று பெயர் வை. அ² − 5அ + 6 = 0, அதாவது (அ − 2)(அ − 3) = 0. அ = 2 என்றால் எக்ஸ் 1. அ = 3 என்றால் எக்ஸ் = லாக் 3 ÷ லாக் 2, ஏறக்குறைய 1.585. பாதிப் பேர் அ = 2, 3 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கேட்டது எக்ஸ்!

ஒரு அம்மா, பெரம்பூர்: (லாக் எக்ஸ்)² என்பதை 2 லாக் எக்ஸ் என்று எழுதி என் பையனுக்கு மார்க் போய்விட்டது. விதி சரிதானே?

விதி சரி, போட்ட இடம் தப்பு. 10 அடிமானத்தில் எக்ஸ் = 1000 வைத்துப் பாருங்கள். லாக் 1000 = 3, அதன் வர்க்கம் 9. வர்க்கம் லாகுக்கு உள்ளே இருந்தால் லாக் 10,00,000 = 6. 2 லாக் எக்ஸ் என்பது இந்த 6-தான்.

கல்லூரி முதலாண்டு, வேளச்சேரி: (லாக் எக்ஸ்)² = 3 லாக் எக்ஸ். இரண்டு பக்கமும் லாக் எக்ஸை அடித்தேன், 1000 வந்தது. விடையில் இன்னொன்றும் இருக்கிறதே சார்?

அடிக்கும்போது அதையும் சேர்த்து அடித்துவிட்டீர்கள், தம்பி. ஒரே பக்கம் கொண்டுவந்து பொதுவானதை வெளியே எடுங்கள்: லாக் எக்ஸ் × (லாக் எக்ஸ் − 3) = 0. எக்ஸ் 1 ஆனாலும் லாக் பூஜ்ஜியம்தான். ஆக 1, 1000 இரண்டும் விடை. நானே ஒருமுறை போர்டில் இப்படி அடித்து, கடைசி பெஞ்சுப் பையனிடம் மாட்டிக்கொண்டேன்.

ஈ (ஏறக்குறைய 2.718 என்ற மாறிலி), அதன் எக்ஸ் அடுக்கு என்றால் தாராளமாக அடிக்கலாம், அது ஒருநாளும் பூஜ்ஜியம் ஆகாது. எக்ஸ் லாக் எக்ஸ் − 3 எக்ஸ் = 0 வேறு மாதிரி. எக்ஸ் பொதுக் காரணியாக வெளியே வரும், ஆனால் எக்ஸ் = 0 விடை ஆகாது. பூஜ்ஜியத்துக்கு லாக் கிடையாதே.

ஓய்வுபெற்றவர், மயிலாப்பூர்: பேத்தி லாக் (2 + 3) என்பதை லாக் 2 + லாக் 3 என்று பிரிக்கிறாள். சொன்னால் கேட்பதில்லை.

ஸ்காட்லாந்துக் கணித மேதை நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டதே பெருக்கலைக் கூட்டலாக்கத்தான் ஐயா. கூட்டலை அது உடைக்காது. வீட்டில் பழைய லாக் டேபிள் இருந்தால் பேத்தி கையில் கொடுங்கள். லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, கூட்டினால் 0.7781. லாக் 5-ஐத் தேடினால் 0.6990 இருக்கும். 0.7781 யாருடையது என்று அவளையே தேடச் சொல்லுங்கள், 6-இல் போய் நிற்பாள் (டேபிளில் 0.7782 இருக்கும், கடைசி இலக்க வித்தியாசம் தோராயப்படுத்தியதால் வருவது).