போயும் போயும் ஓர் எலி

அன்புள்ள ஐயா,

பருவநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி என்று ஆஸ்திரேலியத் தீவு எலி ஒன்றைப் பற்றிப் படித்தேன். புலி, யானை என்றால் புரிகிறது. போயும் போயும் ஓர் எலிக்காக இவ்வளவு கவலையா? உயிரினங்கள் அழிவது இயற்கைதானே? மரம் நடுவதைத் தவிர, என்னைப் போன்ற பள்ளி ஆசிரியை என்ன செய்துவிட முடியும்?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

மரம் நடுங்கள், நட்டபின் தண்ணீரும் ஊற்றுங்கள். ‘இயற்கைதானே’ என்பதற்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று எனக்கில்லை. அந்தப் ‘போயும் போயும்’தான் உறுத்துகிறது. சில நாட்களாக அந்த எலியைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது வாழ்ந்த பிராம்பிள் கே, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, டோரஸ் நீரிணையில் பப்புவா நியூகினிக்குப் பக்கத்தில் கிடக்கும் மணல்திட்டு. அதன் மேடான இடமே கடலுக்கு மேல் 3 மீட்டர்தான். அங்கே முளைத்த செடிகொடிகளை நம்பித்தான் மெலோமிஸ் என்ற அந்த எலி வாழ்ந்தது. கடல்நீர் ஏறி ஏறி அவற்றைக் கருக்கியது. 2004-இல் 5 ஏக்கருக்கு மேல் இருந்த பசுமை, 2014-இல் சுமார் 16 சென்ட். வீட்டுமனைக் கணக்கு உங்களுக்குத் தெரியும்.

2008-இல் அதைக் காக்க ஒரு மீட்புத் திட்டம் எழுதினார்கள். கடல்மட்ட உயர்வும் புயல்களும் திட்டக் காலத்துக்குள் இந்த எலியைப் பெரிதாகப் பாதிக்க வாய்ப்பில்லை என்று அந்தத் திட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு மீனவர் பார்த்ததுதான் கடைசி. 2014-இல் பொறி வைத்துத் தேடியபோது ஒன்றுகூடச் சிக்கவில்லை. 2019-இல் ஆஸ்திரேலிய அரசு அழிவை அறிவித்தது. சில ஜோடிகளைப் பிடித்து வேறிடத்தில் வளர்த்திருக்கலாமே, அம்மா! புலியாக இருந்தால் விமானமே பறந்திருக்கும். எலி என்பதால் கோப்பு மட்டும் நகர்ந்தது. எழுதியவர்களும் உங்களைப் போலப் படித்தவர்கள்தாம், கெட்டவர்கள் அல்லர்.

நான் எலிநேசன் அல்லன். மசால் வடை வைத்து எலி பிடித்த வீட்டில் வளர்ந்தவன். ஆனால் விருதுநகரிலிருந்து இப்படி ஒரு கடிதம் வரலாமா? ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல்நிற அணிலுக்கென்றே 1988-இல் சரணாலயம் அமைத்த மாவட்டம் உங்களுடையது. 2021-இல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. இனி எல்லோரும் புலியைத்தான் கேட்பார்கள். அணிலும் எலியைப் போலக் கொறிவிலங்குதான், தெரியுமா? அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். புலி எங்கே என்று கேட்டால் அதட்டாமல், அண்ணாந்து மரக்கிளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.