எலிக்கு ஒத்துக்கொண்ட சிறுகுறிஞ்சான் எனக்கும் ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: எனக்கு வயது 56, எடை 64 கிலோ. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறேன். உறவினர் ஒருவர் சிறுகுறிஞ்சான் இலைச்சத்து கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்தார். அதனுடன் இருந்த தாளில், ‘எலிகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் ஒன்றுகூட இறக்கவில்லை, முற்றிலும் பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் என் எடைக்கு 128 கிராம் வரை பயமில்லைதானே?

பதில்: எலி எதுவும் இறக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்ற முடிவுக்கு அதை வைத்துக்கொண்டு வர முடியாது.

முதலில் உங்கள் கணக்கைச் சரிசெய்துவிடுகிறேன். சிறிய விலங்கின் உடல் மருந்தை நம்மைவிட வேகமாகக் கையாள்வதால், எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது ஏறக்குறைய 6.2 ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 128 கிராம் என்பது சுமார் 20 கிராமாகக் குறைந்துவிடும். அதுவும் ஒரே ஒரு வேளைக்கு உரிய கணக்கே தவிர, தினமும் சாப்பிடலாம் என்ற அனுமதி அல்ல.

தாளில் சொல்லியிருப்பது பெரும்பாலும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் எண் வழிகாட்டியின்படி செய்யப்படும் உடனடி நச்சுச் சோதனையாக இருக்கும். மருந்தியல் முதுகலை படித்த நாட்களில் நானே இதைச் செய்திருக்கிறேன். இரவு பட்டினி போட்ட எலியை நிறுத்துப் பார்ப்போம். 180 கிராம் இருந்தால் அதற்கு 360 மில்லிகிராம் சத்தை நீரில் கரைத்து, முனை மழுங்கிய வளைந்த ஊசியால் நேரே இரைப்பைக்குள் செலுத்துவோம். ஒரு கட்டத்துக்கு மூன்று எலிகள், பெரும்பாலும் பெண் எலிகள். முதல் அரைமணி நேரம் கூண்டை விட்டு நகரக் கூடாது: மயிர் சிலிர்க்கிறதா, எச்சில் வடிகிறதா, மூலையில் சுருண்டு கிடக்கிறதா என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு 14 நாட்கள் கவனித்துவிட்டு அறுத்துப் பார்ப்போம். ஒரே தடவை கொடுத்தால் உயிருக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு மட்டுமே இதில் விடை உண்டு.

மெதுவாக வேலை செய்யும் நஞ்சு இந்தச் சோதனையில் அகப்படாமல் போகலாம். ஆடுதின்னாப்பாளையின் குடும்பத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலத்தை மூன்று மாதம் தொடர்ந்து கொடுத்த எலிகளுக்கு இரைப்பையில் புற்று உண்டானதை 1982-இலேயே ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியிருந்தும், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பிரஸ்ஸல்ஸ் நகரப் பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்த செய்தி 1993-இல் வெளியானது. ஸ்டெஃபானியா என்ற மூலிகையின் வேருக்குப் பதிலாக, அந்த அமிலம் உள்ள அரிஸ்டோலோகியா செடியின் வேர் அந்த மாத்திரையில் சேர்ந்திருந்தது. இதனால்தான் 28 நாள், 90 நாள் சோதனைகளில் கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், திசுக்களின் நுண்ணோக்கிப் பரிசோதனை எல்லாவற்றையும் கேட்கிறார்கள்.

சிறுகுறிஞ்சானைப் பொறுத்தவரை செய்தி நல்லதுதான். ஜப்பானில் 52 வாரங்கள் எலித்தீனியில் ஒரு சதவீதம் வரை அதன் இலைச்சத்தைக் கலந்து கொடுத்தும் நச்சு விளைவு தென்படவில்லை. ஆனால் அவை ஆரோக்கியமான எலிகள். அவற்றில் எதுவும் கிளிமிபிரைடு சாப்பிடவில்லை. என் கவலை அங்கேதான் இருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது என்பதால், இரண்டும் சேரும்போது, குறிப்பாக நீங்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் நாளில், கை நடுங்கி, வியர்த்து, மயங்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கக்கூடும். மேலும் வீட்டில் போடும் இலைக் கஷாயமும் சாராயத்தில் வடித்துச் செறிவாக்கிய சத்தும் ஒன்றல்ல; ஒன்றுக்குச் செய்த சோதனை மற்றொன்றுக்குச் சான்றாகாது.

ஆகவே கேப்ஸ்யூலை இப்போதைக்கு நிறுத்திவைத்து, புட்டியோடு உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள். அவர் சம்மதித்தால் கிளிமிபிரைடின் அளவை மாற்றுவது அவர் பொறுப்பு. நீங்களாக எந்த மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். தொடங்கும் முன்பும் ஆறு வாரம் கழித்தும் கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்துக்கொள்வதும், முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்ப்பதும் நல்லது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.