ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை: மருந்துக்கடை அண்ணனிடம் கேட்டவை

பள்ளத்தூரிலிருந்து: அண்ணே, இதயத்துடிப்பு சீரா இல்லைன்னு எங்க ஆயாவுக்கு அசிட்ரோம் குடுத்திருக்காக. கீரையே தொடக்கூடாதுங்குறாக பக்கத்து வீட்டு ஆச்சி. முருங்கைக்கீரை இல்லாம ஆயாவுக்குச் சோறு இறங்காதே?

பதில்: தாராளமாகச் சாப்பிடட்டும், அளவு மாறாமல். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் இந்த மாத்திரை ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் ஏராளம். வாரம் ரெண்டு நாள் ஒரு கரண்டி பழக்கமென்றால் அப்படியே தொடருங்கள், டாக்டர் அதற்குத் தக்க மாத்திரை அளவை வைப்பார். மாசக்கணக்கில் தொடாமலிருந்துவிட்டு, மகள் வந்திருக்கிறாள் என்று நாலு நாள் பொரியலும் சூப்புமாகப் போட்டால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று ரத்த டெஸ்டில் காட்டும் எண், கூடினால் உறைய நேரமாகும்) இறங்கும். ஆயா மாதிரி ஆட்களுக்கு அது பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கணும்.

எனக்குப் பயம் மறுபக்கம்தான். காய்ச்சலில் வெறும் கஞ்சியோடு கிடந்தாலோ, ஆன்டிபயாட்டிக் தொடங்கினாலோ ஐ.என்.ஆர். எகிறலாம். அந்த வாரம் பார்த்து யாரும் டெஸ்ட் எடுக்க மாட்டார்கள்! ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், அடிபடாமலே கன்றிப்போன தோல் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேவகோட்டையிலிருந்து: ராத்திரி வார்ஃபரின் போட மறந்துட்டேன். இன்னைக்கு ரெண்டாப் போட்டுக்கவா?

பதில்: கூடாது. வார்ஃபரினும் அசிட்ரோம் வகை மாத்திரைதான், இன்றைக்கு வழக்கமான நேரத்தில் ஒன்றே. விட்டுப்போன தேதியை நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கண்டனூரிலிருந்து: கால் நரம்புல ரத்தம் கட்டி வார்ஃபரின் சாப்பிடுறேன். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கலாமா?

பதில்: நடக்கலாமா என்பதை உங்கள் டாக்டர் காலைப் பார்த்துச் சொல்லட்டும். நான் சொல்ல வேண்டியது வழியில் கிடைக்கும் வலி மாத்திரையைப் பற்றி. குன்றக்குடி தாண்டிக் கால் கடுக்க ஆரம்பித்ததும் கூட வருகிறவர் பையிலிருந்து டைக்ளோஃபெனாக் எடுத்து நீட்டுவார். பாசம்தான், ஆனால் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். பாரசிட்டமால் அளவோடு போடலாம், நாள்கணக்கில் அல்ல. முழங்காலுக்கு வழித்துத் தேய்க்கும் தைலத்திலும் மெத்தில் சாலிசிலேட் இருந்தால் ஐ.என்.ஆர். ஏறலாம், அட்டையைப் படித்துப் பாருங்கள்.

கோட்டையூரிலிருந்து: எனக்கு இதயத்துல உலோக வால்வு வச்சிருக்கு. டெஸ்டே வேண்டாத புது மாத்திரைக்கு மாறச் சொல்லி மலேசியாவிலேருந்து மகன் நச்சரிக்கிறான்.

பதில்: மாறாதீர்கள். உலோக வால்வுக்காரர்களுக்கு டாபிகாட்ரான் என்ற புது மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-லேயே பாதியில் நிறுத்தினார்கள். ரத்தக்கட்டும் கூடியது, ரத்தப்போக்கும் கூடியது. அந்தப் புது மாத்திரைகள் வேறு ஆட்களுக்கு நல்லவைதான். ஐ.என்.ஆர். டெஸ்ட் காரைக்குடியிலேயே எடுக்கலாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.