சமஷ்டியில் எனக்கு என்ன இடம்? கடிதமும் பதிலும்

அன்புள்ள சேர்,

இலங்கைக்குச் சமஷ்டிதான், அதாவது கூட்டாட்சிதான், மருந்து என்று தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். நான் அம்பாறை மாவட்டத்து முஸ்லிம். கொழும்பில் நான் சிறுபான்மை. வடக்கும் கிழக்கும் சேர்ந்து ஒரு சமஷ்டி அலகானால் அங்கேயும் சிறுபான்மை. எசமான் மாறுவதைத் தவிர எனக்கு என்ன கிடைக்கப் போகிறது? நான்கு மதங்கள் உள்ள சின்னத் தீவில் இது அலகுக்கு ஒரு மதம் என்று போய் முடியாதா? இன்னொன்று, ‘சமஷ்டி’ என்றாலே சிங்கள மக்களுக்குப் பிரிவினை என்றுதான் காதில் விழுகிறது. வேறு சொல்லில் கேட்டால் என்ன?

அம்பாறையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் பார்த்துவிடலாம். சொல்லை மாற்றிக் கேட்டுப் பார்த்தாயிற்று. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் சமஷ்டியை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் பிராந்திய சபைகளைத்தான் பேசியது. அடுத்த ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. 1965இல் பிரதமரான டட்லி சேனநாயக்கவோடு மாவட்ட சபை என்று இன்னும் சின்னதாகக் கேட்டார்கள். அதுவும் நடக்கவில்லை. பயம் சொல்லில் இருந்திருந்தால் இரண்டில் ஒன்றாவது பிழைத்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விளக்கியவரே அதே பண்டாரநாயக்கதான். 1926இல், ஒக்ஸ்போர்ட்டில் படித்துவிட்டுத் திரும்பிய இளைஞராக, இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருந்தும் என்று பத்திரிகையில் தொடராக எழுதினார், யாழ்ப்பாணத்தில் பேசினார். அடுத்த ஆண்டு அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, கண்டியச் சிங்களவரின் தேசிய சபை மூன்று அலகுகள் கொண்ட சமஷ்டியைக் கேட்டது: கண்டி நாடு, கரையோரச் சிங்கள நாடு, வடக்கு கிழக்கு. கண்டியார் யாருக்குப் பயந்தார்கள்? தமிழருக்கு அல்ல. ஒரே மொழி பேசி, பெரும்பாலும் ஒரே விகாரையில் கும்பிடுகிற கரையோரச் சிங்களவருக்கு. தமிழர் தரப்பில் சமஷ்டி கேட்ட தமிழரசுக் கட்சி பிறந்ததே 1949 டிசம்பரில்தான். ஆக, பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்கள் ஒரு பக்கம், அதைத் தூக்கி வளர்த்ததற்காக அடி வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். ஒன்றுபட்ட நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று 2017இல் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் நான் அந்தச் சொல்லை விடுவதாக இல்லை.

சரி, உங்கள் முதல் கேள்வி. அது எனக்கு உண்மையிலேயே கஷ்டமான கேள்வி.

உங்கள் பயம் கற்பனை அல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம்தான். அதைப் பற்றி வாய் திறக்காமல் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று மேடையில் அணைத்துக்கொள்கிற தமிழ் அரசியல்வாதியை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். நானும் நம்புவதில்லை.

ஆனால் சமஷ்டி என்றால் பெரிய பெரும்பான்மையிடமிருந்து பிடுங்கிச் சின்னப் பெரும்பான்மையிடம் கொடுப்பது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் ஆட்களும் அப்படித்தான் பேசினார்கள், குற்றம் உங்களுடையதல்ல.

சுவிட்சர்லாந்தில் ஜூரா என்று ஒரு மலைப்பகுதி. ஜெர்மன் பேசுகிற பேர்ன் மாநிலத்துக்குள் மாட்டிக்கொண்ட பிரெஞ்சு மொழியார். தனி மாநிலம் கேட்டார்கள். தீவைப்பு, அடிதடி எல்லாம் அங்கேயும் நடந்தது. 1974இல் அந்தப் பகுதி முழுக்க வாக்கெடுப்பு வைத்ததில் தனி மாநிலத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தது. நம் ஊர்க் கணக்கில் கதை அதோடு முடிந்தது. அங்கே அப்போதுதான் தொடங்கியது. தெற்கு மாவட்டங்களும் பிரெஞ்சுதான் பேசின, ஆனால் புரொட்டஸ்தாந்துகள். கத்தோலிக்கர் நிறைந்த வடக்கோடு போக அவர்களுக்கு இஷ்டமில்லை. அவர்களுக்குத் தனியாக இன்னொரு வாக்கெடுப்பு வைத்தார்கள், பேர்னிலேயே இருப்போம் என்றார்கள். பிறகு எல்லையோரக் கிராமங்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். 1979இல் சிறிதாக ஒரு ஜூரா மாநிலம் பிறந்தது. மூத்தியே என்ற எல்லையோர ஊர் 2021இல் மனம் மாறி ஜூராவுக்குப் போக வாக்களித்தது, 2026 ஜனவரியில் போனது. ஒரு சின்ன ஊரின் விருப்பத்துக்காக மாநில எல்லையை நகர்த்தினார்கள்!

உங்களைப் பொறுத்தவரை இதன் பொருள், வடக்கும் கிழக்கும் சேர வேண்டுமா என்று கிழக்கில் யார் கேட்கப்படுகிறார்கள் என்பதுதான். 1988இல் ஜனாதிபதியின் பிரகடனம் இணைத்தது, 2006இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. இரண்டு முறையும் உங்கள் மாவட்டத்து முஸ்லிம் ஊர்களான சம்மாந்துறையையோ கல்முனையையோ யாரும் கேட்கவில்லை. தலைவர் அஷ்ரஃப் காலத்தில் முஸ்லிம் காங்கிரஸ் கட்சி இந்தியாவின் புதுச்சேரியைக் காட்டி, நிலத்தொடர்ச்சி இல்லாத ஓர் அலகு கேட்டது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று சிதறிக் கிடந்தும் அது ஒரே ஆட்சிப் பகுதி. அப்போது பலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்று அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது.

மதத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் சும்மா இல்லை. நைஜீரியாவில் 1999இலிருந்து சில ஆண்டுகளுக்குள் பன்னிரண்டு வட மாநிலங்கள் ஷரீஅத் குற்றவியல் சட்டத்தைக் கொண்டுவந்தன. மாநிலத்துக்குக் கைநிறைய அதிகாரம் கொடுத்து, அடிப்படை உரிமையை மத்தியில் இறுக்கிக் கட்டாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். அதனால் காணி, பொலிஸ், கல்வி, விவசாயம் எல்லாம் அலகுக்குப் போகட்டும், மதச் சுதந்திரம் மட்டும் எந்த அலகும் கைவைக்க முடியாத இடத்தில் இருக்கட்டும். பெளத்தத்துக்கு முதன்மை இடம் தருகிற அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையை எதிர்த்துக்கொண்டே நாளை திருகோணமலையில் சைவத்துக்கு முதன்மை கேட்பவரோடு எனக்கு ஒரு பேச்சும் இல்லை.

தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிலத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் அவர்களில் பெரும்பாலானோர் எந்தத் தமிழ் அலகுக்குள்ளும் வர மாட்டார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

சமஷ்டி எப்போது வரும் என்று எனக்குச் சோதிடம் தெரியாது. ஆனால் இருக்கிற மாகாண சபைகளுக்கே கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல், ஊவாவில். 2019க்குள் ஒன்பது சபைகளின் ஆயுளும் ஒவ்வொன்றாக முடிந்து, அதிகாரம் ஆளுநர்கள் கைக்குப் போனது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டமும் முடியாத எல்லை நிர்ணயமும்தான் தடை என்றார்கள். பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையால் சரிசெய்யக்கூடிய விஷயம். இதைக் கேட்க நீங்கள் சமஷ்டிக்காரராக இருக்கவேண்டியதில்லை, மாத்தறையில் இருக்கும் சிங்களவருக்கும் சபை இல்லைதானே.

அன்புடன்.